முப்பது மீட்டர்க் கம்பமும் அடிவானமும்: தீவுத்திட்டு ராடார்கள் குறித்துச் சில கணக்குகள்

2025ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் பிரிட்டனும் மொரீஷியசும் கையெழுத்திட்ட சாகோஸ் உடன்படிக்கையைப் பற்றி இங்கே மொரீஷியசில் நடந்த பேச்செல்லாம் பெரும்பாலும் பணத்தைச் சுற்றியே இருந்தது. இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுக்கூட்டத்தில் பிரிட்டன்-அமெரிக்க ராணுவத் தளம் இருக்கும் டியேகோ கார்சியா தீவுக்கு 99 ஆண்டுக் குத்தகை, ஆண்டுக்குச் சராசரியாக 101 மில்லியன் பவுண்டு, அந்தத் தொகை யாருக்கு எப்படிச் செலவிடப்படும் என்பதையே சந்தையிலும் கோயில் வாசலிலும் பேசிக்கொண்டார்கள். ஹாம் ரேடியோ எனப்படும் பொழுதுபோக்கு வானொலி உரிமம் வைத்திருப்பவனும், பல ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவனுமாகிய எனக்கு அந்த உடன்படிக்கையில் கண் நின்ற இடம் வேறு. டியேகோ கார்சியாவைச் சுற்றி 24 கடல்மைல் தொலைவுக்குள் பிரிட்டனின் இசைவின்றி எதையும் கட்டவோ நிறுவவோ கூடாது என்பது ஒன்று. அத்தீவின் மின்காந்த அலைக்கற்றையைப் பயன்படுத்துவதில் பிரிட்டனின் கட்டுப்பாடு தொடரும் என்பது மற்றொன்று. ஒரு தீவின் இறையாண்மையைத் திருப்பித் தரும் ஆவணத்தில் காற்றில் செல்லும் அலைகளுக்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்றால், இன்றைய தீவுச் சண்டைகளின் உட்பொருள் எதுவென்று அதிலிருந்தே தெரிகிறது.

உரிமை கொண்டாடப்படும் சிறு தீவுகளில் ராணுவ ராடார்கள் நிறுவப்படுவதைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதும்போது, அந்தக் கருவி முழுக் கடலையும் பார்த்துவிடும் என்ற தொனியிலேயே எழுதுகின்றன. என் கருத்தில் அந்தப் பார்வைத்திறன் மிகைப்படுத்தப்படுகிறது. அதே சமயம், அருகில் இருக்கும் ஓடுபாதை, ராடார்த் தரவு போய்ச்சேரும் அறை, அலைவரிசையை ஆளும் சட்ட உரிமை ஆகிய மூன்றும் போதிய கவனம் பெறுவதில்லை.

இதைச் சொல்ல ஒரே ஒரு கணக்கு வேண்டும். சாதாரணக் கடலோர ராடார்கள் பயன்படுத்தும் நுண்ணலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை, பூமியோ வளைந்தது. வளிமண்டலம் அலையைச் சிறிதளவு கீழ்நோக்கி வளைப்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், கடல்மட்டத்திலிருந்து ராடாரின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் அதன் அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். எதிரே உள்ள பொருளின் உயரத்துக்கும் இதையே செய்து இரண்டையும் கூட்டவேண்டும். பவளத்தீவு ஒன்றில் 30 மீட்டர் உயரத்தில் ஆன்டெனாவை ஏற்றினால் அதன் அடிவானம் 22 கிலோமீட்டர் சொச்சம். 20 மீட்டர் உயரமுள்ள கப்பலின் மேற்கட்டு அதற்கு 18 கிலோமீட்டரைச் சேர்க்கும். ஆக மொத்தம் 41 கிலோமீட்டர். கருவியை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், எவ்வளவு மின்சக்தியைச் செலுத்தினாலும், இந்த எல்லையை அது சாதாரண நிலையில் தாண்டுவதில்லை.

எங்கள் மொரீஷியஸ் எரிமலைத் தீவாக இருப்பதன் அருமை இந்தக் கணக்கில்தான் தெரியும். பித்தோன் த லா ப்பத்தித் ரிவியேர் நுவார் சிகரம் 828 மீட்டர். அதன் உச்சியில் ஒரு ராடார் இருந்தால் அதே கப்பலுக்கான அடிவானம் 137 கிலோமீட்டருக்கு விரிகிறது. இதே கடலிலுள்ள சிறு தீவுகளான சாகோஸ், அகலேகா, செயின்ட் பிராண்டன், ட்ரோமெலின் ஆகிய எல்லாமே கடலுக்கு மேல் சில மீட்டரே எழும்பி நிற்கும் மணலும் பவளமும். தென்சீனக் கடலின் ஸ்ப்ராட்லித் திட்டுகளும் அப்படியே. அங்கெல்லாம் மலை இல்லை. கம்பம் மட்டுமே உண்டு.

ஆனால் பார்க்கவேண்டிய பொருள் உயரத்தில் இருந்தால் கதை மாறுகிறது. 10,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானம் தன் பங்குக்கே 412 கிலோமீட்டர் அடிவானத்தைக் கொண்டுவருகிறது. ஆகவே தாழ்ந்த தீவில் இருக்கும் வான்காவல் ராடார், உயரப் பறக்கும் விமானங்களை வெகுதூரத்திலேயே காண வல்லது. அதே விமானம் 50 மீட்டர் உயரத்துக்குத் தாழ்ந்து வந்தால் 52 கிலோமீட்டருக்குள் நெருங்கும்வரை அது கண்ணில் படாது. போர் விமானிகளும் ஏவுகணை வடிவமைப்பாளர்களும் கடலை உரசிக்கொண்டு பறக்கும் வித்தையை வளர்த்ததற்குக் காரணம் இந்த எளிய வர்க்கமூலமே.

வெப்பமண்டலக் கடலில் ஒரு விதிவிலக்கையும் சொல்லியாகவேண்டும். நீர்ப்பரப்பை ஒட்டிய காற்று ஈரத்தால் நிறைந்திருக்கும். சில மீட்டர் மேலே போனதும் ஈரப்பதம் சட்டென்று குறையும். இந்த மெல்லிய அடுக்கு நுண்ணலைகளைச் சிறைப்பிடித்து அடிவானத்துக்கு அப்பாலும் கொண்டுசெல்லும். இதனால் சில நாட்களில் 9 கிகாஹெர்ட்ஸ் ராடார் ஒன்று தன் கணக்குக்கு மிஞ்சிய தொலைவில் உள்ள கப்பல்களைத் திரையில் காட்டிவிடும். ஆனால் அதை நம்பிக் காவல் திட்டம் தீட்ட முடியாது; காற்று மாறினால் அந்தப் பாதையும் மறைந்துவிடும். பாதுகாப்பு என்பது எல்லா நாளும் கிடைக்கவேண்டிய ஒன்றாதலால், பொறியாளர்கள் அடிவானத்தை ஏமாற்ற வேறு வழிகளைத் தேடினார்கள்.

அவ்வழிகளில் ஒன்றைத்தான் தென்சீனக் கடலில் பார்த்தோம். 2016ஆம் ஆண்டு ஜனவரியில் எடுக்கப்பட்ட செயற்கைக்கோள் படங்களை அடுத்த மாதம் வாஷிங்டனிலுள்ள ஆசியக் கடல்சார் வெளிப்படைத்தன்மை முயற்சி என்னும் ஆய்வுக் குழு வெளியிட்டது. சீனா மண்ணை நிரப்பி உருவாக்கிய குவார்டெரோன் திட்டின் ஒரு பகுதி முழுவதும், சுமார் 20 மீட்டர் உயரமுள்ள கம்பங்கள் நடப்பட்டிருந்தன. அது உயர் அதிர்வெண் ராடாராக இருக்கக்கூடும் என்று அக்குழு மதிப்பிட்டது. 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இந்தச் சிற்றலைப் பட்டை எங்களைப் போன்ற வானொலி ஆர்வலர்களுக்கு வீட்டு முற்றம் மாதிரி. அந்த அலைகள் உப்புநீரின் மேற்பரப்பைத் தழுவியபடி பூமியின் வளைவோடு சேர்ந்து செல்லும். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால்தான் இது நடக்கிறது; வறண்ட நிலத்தின் மேல் அதே அலை சீக்கிரமே தளர்ந்துவிடும். நான்கு பக்கமும் கடல் சூழ்ந்த ஒரு திட்டு இதற்கு வாய்த்த இடம். சில நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெரிய கப்பல்களை இந்த முறையில் கண்டுகொள்ளலாம். விலையாகக் கொடுப்பது துல்லியம்: அலைநீளம் பத்து மீட்டர் முதல் நூறு மீட்டர் வரை என்பதால், ஒரு கப்பல் இருக்கிறது என்று சொல்ல முடியுமே தவிர, ஏவுகணையை அதன்மேல் செலுத்தும் அளவுக்கு இடத்தைக் குறிக்க முடியாது.

குவார்டெரோன் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குப் பூகோளக் காரணமும் உண்டு. ஸ்ப்ராட்லிகளில் சீனாவின் கையிலுள்ள திட்டுகளில் தென்கோடியில் இருப்பது அதுவே. மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகளிலிருந்து வடக்கே ஏறிவரும் கப்பல்கள் முதலில் கடக்கும் பகுதியை அது நோக்கியிருக்கிறது. இதை வானத்தில் பட்டுத் திரும்பும் அலைகளைக் கொண்ட மற்றொரு வகை நெடுந்தூர ராடாரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. வளிமண்டலத்தின் மின்னூட்டம் பெற்ற மேலடுக்கான அயனமண்டலத்தில் பட்டுத் தெறிக்கும் அலையைக் கொண்டு ஆயிரம் முதல் மூவாயிரம் கிலோமீட்டர்வரை பார்க்கும் அவ்வகைக்கு, ஆஸ்திரேலியாவின் லாங்ரீச், லாவெர்ட்டன், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஆகிய இடங்களில் இருப்பதுபோல, கிலோமீட்டர் கணக்கில் நீளும் ஆன்டெனா வரிசைகள் தேவை. எந்தப் பவளத்திட்டும் அதற்குப் போதாது. அவ்வகை ராடார்களின் கரகரப்பொலி இந்தியப் பெருங்கடலில் உட்கார்ந்து கேட்கும் எங்கள் காதுகளுக்குப் பழக்கமானது. நண்பர் ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று அலைவரிசையின் மேல் ஒரு ரம்பம் ஓடுவதுபோல வந்து, சில விநாடிகளில் வேறு இடத்துக்குத் தாவிவிடும். யாருடையது என்று காதால் மட்டும் அறுதியிட்டுச் சொல்வதற்கில்லை.

ஸ்ப்ராட்லியின் மூன்று பெரிய திட்டுகளான ஃபயரி கிராஸ், சுபி, மிஸ்சீஃப் ஆகியவற்றில் 2,600 மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுள்ள ஓடுபாதைகளும், வெள்ளைக் கோளக் கூரைகளும் இருக்கின்றன. அந்தக் கூரைகளைப் பார்த்து மிரள்வதில் பொருளில்லை. உப்புக்காற்றும் சூறாவளியும் ஆன்டெனாவைத் தின்றுவிடாமல் காப்பது அவற்றின் முதல் வேலை. உள்ளே இருப்பது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை மறைப்பது இரண்டாவது. கூரையின் விட்டத்தை வைத்து ஆன்டெனாவின் அளவை ஊகிக்கலாம். அதற்குமேல் சொல்லப்படுவதில் பெரும்பகுதி யூகம்.

அதே கடலின் வடக்கே சீனா வைத்திருக்கும் பாரசெல் தீவுகளில் நடப்பது இன்னும் நுட்பமானது. 2024 அக்டோபரில் லண்டனின் சாத்தம் ஹவுஸ் நிறுவனம், டிரைட்டன் தீவில் எண்கோண வடிவக் கட்டுமானம் ஒன்று எழுவதைச் செயற்கைக்கோள் படங்களில் காட்டி, அது ராடாருக்குத் தெரியாத வகையில் வடிவமைக்கப்பட்ட விமானங்களைக் கண்டுபிடிக்கும் கருவிக்கானது என்று எழுதியது. அத்தகைய விமானங்களின் வளைவுகளும் பூச்சுகளும் சென்டிமீட்டர் அலைநீளமுள்ள ராடார்களை ஏமாற்றவே முதன்மையாக வடிவமைக்கப்படுகின்றன. அலைநீளம் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என்று ஆகிவிட்டால், அது விமானத்தின் வால், இறக்கை முனை போன்ற உறுப்புகளின் அளவுக்கு நெருங்கிவிடுகிறது. அவ்வுறுப்புகள் அலையோடு ஒத்ததிர்ந்து எதிரொலியைத் தந்துவிடுகின்றன. மீட்டர் அலைக்குக் கூர்மையான பார்வை வேண்டுமென்றால் ஆன்டெனா மிகப் பெரிதாக இருக்கவேண்டும். வட்டமாகப் பல சிறு ஆன்டெனாக்களை நிறுத்தி, அவற்றின் தனித்தனி அலைகளைக் கணினியில் கோத்து அந்தக் குறையைச் சீனப் பொறியாளர்கள் ஈடுகட்டுகிறார்கள் என்பது அந்த அறிக்கையின் விளக்கம். ஹைனான், வுடி தீவு, டிரைட்டன் ஆகிய மூன்றிலிருந்தும் ஒரே வான்பரப்பைப் பார்ப்பதால், ஒரு கோணத்தில் மறையும் விமானம் மற்றொரு கோணத்தில் வெளிப்படும். தனித்தனித் தீவாகப் பார்க்காமல் வலைப்பின்னலாகப் பார்த்தால்தான் இந்தக் கருவிகளின் மதிப்பு விளங்கும்.

இந்தப் போட்டியில் எதிர்ப்பக்கத்தாரும் சும்மா இருக்கவில்லை. சுபி திட்டிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பாகாசா தீவில், 2023 டிசம்பரில் பிலிப்பைன்ஸ் கடலோரக் காவல்படை ராடாரும், கப்பல்களின் தானியங்கி அடையாளச் சமிக்ஞையை வாங்கும் கருவியும், கேமராக்களும் கொண்ட கண்காணிப்பு நிலையத்தைத் திறந்தது. சீனாவின் கட்டுமானங்களோடு ஒப்பிட்டால் அது சிறியது. ஆனால் 41 கிலோமீட்டர்க் கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள்: சுபியைச் சுற்றித் திரளும் படகுகள் அதன் வட்டத்துக்குள் முழுதாக அடங்குகின்றன. பிலிப்பைன்ஸுக்கு வேண்டியது அதுதான். எந்தக் கப்பல் எப்போது எங்கே நின்றது என்ற பதிவு. 2016 ஜூலை 12இல் ஹேக் நடுவர் மன்றம் அளித்த தீர்ப்பும் கடற்சட்ட உடன்படிக்கையும் செயற்கையாகக் கட்டிய தீவுக்குக் கடல் எல்லை கிடையாது என்று தெளிவாகச் சொல்கின்றன. எனவே ராடார்க் கோபுரம் எவ்வளவு உயர்ந்தாலும் ஒரு சதுரமைல் கடலைக்கூட அது சட்டப்படி சம்பாதித்துத் தராது. தினந்தோறும் பார்த்துக்கொண்டே இருப்பதால் உண்டாகும் நடைமுறை ஆதிக்கம் வேறு, சட்ட உரிமை வேறு.

போர் மூண்டால் இவற்றின் கதி என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நகர முடியாத கருவி. அதன் ஆயத்தொலைவு எல்லோருக்கும் தெரியும். இயங்கத் தொடங்கிய கணமே தன் அலையாலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கும். முதல் சில மணி நேரத்தில் விழக்கூடியவற்றின் பட்டியலில் அது முன்னால் இருக்கும். ஆனால் பல பத்தாண்டுகளாக அந்தக் கடலில் முழுப் போர் நடக்கவில்லை. நடப்பதெல்லாம் நீர்ப்பீச்சியும் மோதலும் துரத்தலும்தான். அத்தகைய பூசலில் எதிரியின் படகு புறப்படுவதை முதலில் பார்ப்பவனுக்கே ஆதாயம். அதனால்தான் இந்த ராடார்களை நான் போர்க்கருவியாக எண்ணுவதைவிடச் சமாதானகாலக் கருவியாகவே எண்ணுகிறேன்.

இனி எங்கள் கடலுக்கு வருகிறேன். டியேகோ கார்சியா என்றதும் பெரிய ராடார்க் கோளங்களைக் கற்பனை செய்பவர்களுக்கு ஒரு செய்தி: அங்குள்ள மிக முக்கியமான கண்கள் ராடார்களே அல்ல. விண்வெளியில் வெகு உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களை இரவு வானில் படம்பிடிக்கும் தொலைநோக்கிகள் அங்கே இருக்கின்றன. நியூ மெக்சிகோவின் சொக்கோரோ, ஹவாயின் மவுயி ஆகியவற்றோடு சேர்ந்து உலகைச் சுற்றிய மூன்று நிலையங்களில் அது ஒன்று. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களுக்குக் கட்டளை அனுப்பும் தரை ஆன்டெனாக்களில் ஒன்றும், அமெரிக்கச் செயற்கைக்கோள் கட்டுப்பாட்டு வலையின் நிலையமும் அங்கே உண்டு. அணுவெடிச் சோதனைத் தடை உடன்படிக்கைக்காக நீருக்கடியில் ஒலி கேட்கும் நிலையம் ஒன்றும் அத்தீவை ஒட்டி இயங்குகிறது. இவை அனைத்தும் மேலே பார்க்கின்றன, அல்லது கீழே கேட்கின்றன. அடிவானம் அவற்றைத் தடுப்பதில்லை. ஏறக்குறைய 3,600 மீட்டர் நீளமுள்ள ஓடுபாதை இருக்கும்போது, கடலைப் பார்க்கும் வேலையை விமானங்களிடம் விட்டுவிடலாம்.

இதற்கு ஒரு முன்கதை எங்கள் மண்ணிலேயே இருக்கிறது. வக்வாவில் பிரிட்டிஷ் கடற்படையின் கம்பியில்லாத் தந்தி நிலையம், எச்எம்எஸ் மொரீஷியஸ் என்ற பெயரோடு, 1968 மார்ச் 12இல் நாடு விடுதலையடைந்த பிறகும் 1970களின் நடுப்பகுதிவரை இயங்கியது. அங்கே குடிசார் ஊழியராக இருந்த என் மனைவியின் தாய்மாமனிடம் ஒருமுறை, “மாமா, அவ்வளவு கம்பங்களையும் விட்டுவிட்டு அவர்கள் ஏன் போனார்கள்?” என்று கேட்டேன். “அதைவிட வசதியான இடம் கிடைத்துவிட்டதப்பா, கேள்வி கேட்க ஆளில்லாத இடம்” என்றார். 1965இல் சாகோஸை மொரீஷியசிலிருந்து பிரித்ததும், 1968க்கும் 1973க்கும் இடையில் அங்கிருந்த மக்களை வெளியேற்றியதும், 1973இல் டியேகோ கார்சியாவில் அமெரிக்கக் கடற்படையின் தகவல்தொடர்பு நிலையம் செயல்படத் தொடங்கியதும் ஒரே வரிசையில் வருகின்றன. அத்தீவில் முதலில் நிமிர்ந்தவை ஆன்டெனாக்கள். குண்டுவீச்சு விமானங்கள் பிறகுதான் வந்தன.

அலைக்கற்றையைப் பற்றிய வாதத்தை இந்தப் பின்னணியில் படிக்கவேண்டும். 2019 பிப்ரவரி 25இல் சர்வதேச நீதிமன்றம் சாகோஸின் பிரிவினை சட்டத்துக்கு முரணானது என்று கருத்துரைத்தது. அதே ஆண்டு மே 22இல் ஐ.நா. பொதுச்சபை 116க்கு 6 என்ற வாக்குகளில் அதை ஏற்றது. அதன் பின்னர், இறையாண்மை கேள்விக்குள்ளான தீவில் செயற்கைக்கோள் தொடர்புக்கும் ராடாருக்கும் அலைவரிசையைப் பயன்படுத்துவதைச் சர்வதேச அமைப்புகளில் எதிர்க்க முடியும் என்பதே பிரிட்டிஷ் அரசு உடன்படிக்கைக்கு ஆதரவாக முன்வைத்த காரணங்களில் ஒன்று. உடன்படிக்கையை எதிர்த்தவர்கள், ஜெனீவாவிலுள்ள சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் சாசனத்தில் 48ஆம் பிரிவு ராணுவ வானொலி நிலையங்கள் விஷயத்தில் உறுப்பு நாடுகளுக்கு முழுச் சுதந்திரத்தை விட்டுவைத்திருக்கிறதே என்று கேட்டார்கள். அது சரியான கேள்வி. ஆனால் அந்தச் சுதந்திரத்தை டியேகோ கார்சியாவின் பெயரில் கோரும் உறுப்பு நாடு எது என்ற மறுகேள்விக்கு அப்பிரிவில் விடை இல்லை. ஹாம் உலகில் எங்களுக்கு இந்தச் சிக்கல் பழையது. மொரீஷியசுக்கு 3பி8, ரொட்ரிகசுக்கு 3பி9, அகலேகாவுக்கும் செயின்ட் பிராண்டனுக்கும் 3பி6, 3பி7 என்று எங்கள் அழைப்புக்குறிகள் தொடங்க, சாகோஸிலிருந்து ஒலிபரப்பியவர்கள் விக்யூ9 என்ற பிரிட்டிஷ் முன்னொட்டையே வைத்திருந்தார்கள்.

எங்கள் சொந்த ராடார்கள் பற்றி இங்கே பலருக்குத் தெரிவதில்லை. இந்தியாவின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் அமைத்த கடலோரக் கண்காணிப்பு ராடார்கள் பெருநிலத்தீவின் கரைகளிலும் ரொட்ரிகஸ், அகலேகா, செயின்ட் பிராண்டன் ஆகிய இடங்களிலும் நிறுவப்பட்டன. எங்களுக்கு ராணுவம் கிடையாது. காவல்துறையின் அங்கமான தேசியக் கடலோரக் காவல்படைதான் இவற்றைக் கவனிக்கிறது. பழைய கணக்கை மீண்டும் போட்டுப் பார்ப்போம். 40 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 5,000 சதுர கிலோமீட்டர். மொரீஷியஸ் தனது என்று சொல்லும் பொருளாதார மண்டலமோ (கடல் வளங்களுக்குத் தனியுரிமை உள்ள பரப்பு) சுமார் 23 லட்சம் சதுர கிலோமீட்டர். அதை நிரப்ப 450க்கும் மேற்பட்ட வட்டங்கள் தேவைப்படும். 10,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் ஒரு கண்காணிப்பு விமானத்தின் அடிவான வட்டமோ, வடிவியல்படி, 5 லட்சம் சதுர கிலோமீட்டரைத் தாண்டுகிறது. சிறு படகு அவ்வளவு தொலைவில் அதன் திரையில் விழாது என்பது உண்மைதான். ஆனாலும் இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் பிரமாண்டமானது.

அகலேகாவைப் பற்றிய சர்ச்சையை நான் இந்த எண்களை வைத்தே புரிந்துகொள்கிறேன். 2015 மார்ச்சில் இந்தியாவோடு செய்த புரிந்துணர்வின்படி கட்டப்பட்டு, 2024 பிப்ரவரி 29இல் திறக்கப்பட்ட 3,000 மீட்டர் ஓடுபாதைக்கும் இறங்குதுறைக்கும் முன்னால் அங்குள்ள ராடார் ஒரு சிறு துணைக்கருவி. சில நூறு பேர் வாழும் தீவில் அவ்வளவு நீள ஓடுபாதை எதற்கு என்று கேட்டவர்களை இந்தியாவின் விரோதிகள் என்று ஒதுக்கியது எனக்கு ஏற்புடையதாக இல்லை. இறையாண்மை மொரீஷியசுக்கே உரியது என்று இரு அரசுகளும் சொல்கின்றன. அதில் எனக்கு ஐயமில்லை. விமானமும் ராடாரும் திரட்டும் தரவு முதலில் யார் திரையில் விழுகிறது, எதை எங்கள் அதிகாரிகள் பார்க்கிறார்கள், எதைப் பார்ப்பதில்லை என்பதைத்தான் நாடாளுமன்றத்தில் யாராவது பொறுமையாகக் கேட்டிருக்கவேண்டும். எங்கள் கடலோரக் காவல்படைக்கு இந்தியக் கடற்படை அதிகாரியே பல காலமாகத் தலைமை தாங்கி வந்திருக்கிறார் என்பதையும் சேர்த்து இக்கேள்வியைக் கேட்கவேண்டும்.

திரையில் தெரிவதால் மட்டும் பயன் விளைந்துவிடாது என்பதற்கு 2020 ஜூலை 25ஐவிட வேறு சான்று வேண்டியதில்லை. 300 மீட்டர் நீளமுள்ள வகாஷியோ கப்பல், தன் இருப்பிடத்தைத் தானே அறிவித்துக்கொண்டு, புவாந்த் தெஸ்னியின் பவளப்பாறையில் வந்து ஏறியது. சுமார் ஆயிரம் டன் எண்ணெய் கடலில் கலந்தது. மயேபூர் பக்கத்து மக்கள் கரும்புச் சோகையை அடைத்துத் தடுப்பு தைத்துக்கொண்டிருந்த நாட்களில், ராடார் எத்தனை கிலோமீட்டர் பார்க்கும் என்ற பேச்சே பொருளற்றுப்போயிருந்தது.

வதந்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பர்மாவின் கோக்கோ தீவுகளில் சீனாவின் ஒட்டுக்கேட்பு நிலையமும் ராடாரும் இருப்பதாக 1990களின் தொடக்கத்திலிருந்து எழுதிவந்தார்கள். 2005இல் இந்தியக் கடற்படைத் தளபதியே அப்படி ஒன்றும் அங்கே இல்லை என்று வெளிப்படையாகக் கூறினார். பிறகு 2023இல் வெளியான செயற்கைக்கோள் படங்களில் பெரிய கோக்கோ தீவின் ஓடுபாதை 2,300 மீட்டருக்கு நீண்டிருப்பதும், புதிய கொட்டகைகளும், ராடார் நிலையமும் தெரிந்தன. அவற்றைக் கட்டுவது மியான்மர் ராணுவம் என்பது உறுதி. பின்னால் வேறு யார் இருக்கிறார்கள் என்பதைப் படம் சொல்லாது. அகலேகா விஷயத்தில் படங்களை வைத்து முடிவுக்குத் தாவும் எங்கள் நண்பர்கள் இந்த முப்பதாண்டு வரலாற்றைப் படிக்கலாம்.

ட்ரோமெலினைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அங்கே ராணுவ ராடார்ச் சிக்கல் இல்லை. ஒரு சதுர கிலோமீட்டர் அளவான அத்தீவை பிரான்ஸ் வைத்திருக்கிறது, மொரீஷியஸ் உரிமை கோருகிறது. 2010இல் கையெழுத்தான கூட்டு மேலாண்மை ஒப்பந்தத்துக்குப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தரவில்லை. 1954 முதல் அங்குள்ள வானிலை நிலையத்தின் அளவீடுகளோ, யார் கொடி பறந்தாலும், சூறாவளிக் காலத்தில் எல்லோருக்கும் வந்துசேர்கின்றன. கியூர்பிப்பில் ட்ரூ ஓ செர்ஃப் எரிமலை வாயருகே ஜப்பானிய உதவியோடு எழுந்த மழை ராடாரையும் அப்படியே சொல்லலாம். அதன் படத்தைச் சூறாவளி நாட்களில் பார்க்காத வீடே இங்கு இல்லை.

கடைசியாக, இனி எழப்போகும் ஒரு நடைமுறைக் கேள்வி. 2022 பிப்ரவரியில் எங்கள் கொடி ஏற்றப்பட்ட, சாகோஸைச் சேர்ந்த பெரோஸ் பன்ஹோஸில், உடன்படிக்கை நடைமுறைக்கு வந்து மக்கள் குடியேறினால், மீன்திருட்டைத் தடுக்கவாவது ஒரு ராடார் வேண்டியிருக்கும். அத்தீவு டியேகோ கார்சியாவிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால், 24 கடல்மைல் வட்டத்துக்கு வெளியே இருக்கிறது. ஆனாலும் வெளித்தீவுகளில் செய்யப்படுபவை தளத்தைப் பாதிக்காமல் இருக்க ஒரு பரிசீலனை முறையை உடன்படிக்கை வைத்திருக்கிறது. கடலைத் தழுவிச் செல்லும் சிற்றலை ராடாரைக் கேட்டால், அது டியேகோ கார்சியாவின் கப்பல் போக்குவரத்தை எட்டிப் பார்க்கும் என்பதால் நிச்சயம் மறுப்பார்கள். 30 மீட்டர்க் கம்பத்தில் சாதாரண நுண்ணலை ராடாரும், கப்பல் அடையாளச் சமிக்ஞையை வாங்கும் கருவியும் கேட்டால், 41 கிலோமீட்டருக்கு மேல் கப்பலைப் பார்க்க இயலாத ஒன்றைப் பாதுகாப்பின் பெயரால் மறுப்பது கடினம். பேச்சுவார்த்தைக்குப் போகும் எங்கள் அதிகாரிகள் அந்த இரண்டாவது விண்ணப்பத்தை, கணக்குத் தாளோடு சேர்த்து, முதல் ஆண்டிலேயே மேசையில் வைத்துவிடுவது நல்லது.